சில, பெரும்பாலான

நூற்று ஐம்பத்தொன்று.
நூற்று ஐம்பத்திரண்டு.
மறுபடி நூற்று ஐம்பத்தொன்று.
பழைய குருடி கதவைத் திறடி என்று
ஞாயிறுதோறும் ஒரு முழு மாதிரித் தேர்வு,
திருத்தி, மதிப்பெண் போட்டு,
நெற்றியில் அடித்துக்கொண்டு
அடுத்த தாளைப் பிரிப்பேன்.
ஆகஸ்டிலிருந்து பதினேழு தாள்.
டுலூத் நகரில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவளுக்கு
நாற்பத்து மூன்று வயதில் சட்டக் கல்லூரி எதற்கென்று
யாரும் கேட்கவில்லை.
நான் யாரிடமும் சொன்னால்தானே.

டுவைனுக்கு மட்டும் தெரியும்.
உப்பு வீசும் சுழலியில் இரண்டு விரலை விட்டவன்.
காப்பீட்டுக்காரர்கள் அவனுக்கு எழுதிய கடிதத்தில்
எங்கோ ஓட்டை இருக்கிறதென்று தெரிந்தது எனக்கு.
எந்த ஓட்டை என்று
பெயர் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் ஒன்பது, இரவு இரண்டேகால்.
மைனஸ் இருபத்தைந்து.
டெக்சாஸிலிருந்து வந்து சேர்ந்த ராமிரோ
ரேடியோவில் கத்துகிறான்:
மார்லிஸ், மூன்று நடை உப்புப் போட்டாயிற்று,
ஐஸ் அசையவில்லை, நாலாவது போகட்டுமா?
இந்தக் குளிரில் உப்பு கரைக்காது,
முப்பது நடை போட்டாலும் உப்பு உப்பாகவே கிடக்கும்,
மணலைப் போடு, டயருக்குப் பிடிமானமாவது கிடைக்கும்
என்று சொல்லி ரேடியோவை வைத்தேன்.
வைத்த கை அங்கேயே இருந்தது.
பதினேழு தாள்.

அந்த வாரம் புதுத் தாள் எதையும் தொடவில்லை.
கடிகாரத்தை ஃபிரிட்ஜ் மேல் கவிழ்த்தேன்.
விடைப்பட்டியலை உறையிலிட்டு ஒட்டி
காரில் போட்டுவிட்டு வந்தேன்,
வேண்டுமென்றால்
பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்த்தான் எடுக்க வேண்டும்.
ஒரு கேள்வி, ஐந்து விடை.
நான்கு ஏன் தப்பு என்று நான்கு வரி எழுதாமல்
அடுத்ததற்குப் போகக் கூடாது.
முதல் நாள் மூன்று மணி நேரத்தில் ஆறு கேள்வி.
அழுகை வந்தது, டோஸ்ட் தின்றேன்.
தவறுகளுக்கென்று ஒரு பச்சை நோட்டு.
அதில் 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குத் தடை.
அதை எழுதிவிட்டால் மனசு ஆறிவிடுகிறது,
வேறொன்றும் தெரிவதில்லை.

மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை
தூக்குப் பாலம் மேலே போயிருந்தது.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல், ஒரு தெருவளவு நீளம்,
அவசரமில்லாமல் ஏரிக்குப் போகிறது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்க் பாயிண்ட்
பனிக்கடியில் எனக்காகக் கிடக்கிறது.
மடியில் நோட்டு.
அறுபத்து நான்கு தவறு.
எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு ஒரே தவறு:
'சில' என்று இருந்த இடத்தில்
'பெரும்பாலான' என்று படித்திருக்கிறேன்.
கீழே கோடுகூடப் போட்டிருக்கிறேன், பென்சிலால், அழுத்தி.
கோடு போட்டது ஒரு ஆள்,
படித்தது வேறு ஆள் போல.

வேலைக்குச் சேர்ந்த வருடம் மேலாளர் லுண்ட்க்விஸ்ட்
கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்:
உன் தடத்தில் சிலர் புகார் செய்கிறார்கள்,
வாசலை அடைத்துப் பனிமேடு வைத்துவிட்டுப் போகிறாயாம்.
பதினான்கு வருடம்
ஒவ்வொரு ஜன்னல் திரைக்குப் பின்னாலும்
ஒரு வசவு நிற்பதாக நினைத்து
தலையைத் திருப்பாமல் ஓட்டியிருக்கிறேன்.
எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றவில்லை.
மூன்று பேராக இருக்கலாம்.
ஒருவரே மூன்று முறை கூப்பிட்டிருக்கலாம்.

சங்கு ஊதியது, பாலம் இறங்கியது.
முதல் வளைவைத் தாண்டியதும்
அங்கி போட்ட ஒருவர் வாசலில் நின்று கை தூக்கினார்.
திட்டா, நன்றியா?
இதிலிருந்து பெறத்தக்க முடிவு:
ஒருவர் கை தூக்கினார்.
நானும் தூக்கினேன்.

ஜனவரியில் நூற்று ஐம்பத்தாறு.
நான் கேட்கும் கல்லூரிக்கு இது போதாது.
அன்றிரவு டுவைனின் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.
'இத்தகைய விபத்துகள் சிலவற்றில் ஊழியரின் அலட்சியம்…'
பக்கத்தைத் திருப்பினால்,
'ஆகவே, பொதுவாக…'
பென்சில் தேடினேன், கிடைக்கவில்லை,
லிப்ஸ்டிக்கால் வட்டம் போட்டேன்.
டுவைனுக்குப் போன் செய்தேன்.
மணி நாலு, மார்லிஸ், என்றான்.